படத்தில் உள்ளபடி

டெய்லர் பயந்த சுபாவம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பயப்படுகிறவன்தான் வாடகையை நாள் தவறாமல் கட்டுகிறான். துணியில் கத்தரி வைக்கும் முன் இன்னொரு தரம் அளந்து பார்க்கிறான். ஆனால் இவருடைய பயம் கொஞ்சம் கூடுதல். மின்சாரக் கணக்கெடுப்பவர் வாசலில் நின்றால், இவர் உள்ளே ஓடிப்போய் எரிகிற விளக்கையெல்லாம் அணைப்பார். போலீஸ்காரர் ஒருவருக்குச் சீருடை தைத்தபோது, ஆளே இல்லாத அந்தச் சட்டைக்கு முன்னால் எழுந்து நின்றவர். இப்படிப்பட்டவரைப் பிடித்து இணையத்தில் ஏலம் விடச் சொன்னால் என்ன ஆகும்? ஆனதைத்தான் சொல்கிறேன்.

கடையைச் சின்ன அறைக்கு மாற்றியபோது, ஆள் உயரக் கண்ணாடி மட்டும் உள்ளே நுழையவில்லை. புது இடத்தில் கூரை தாழ்வு. சாய்த்துப் பார்த்தார்கள், படுக்கவைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலுக்கு நேரே சுவரில் சாய்த்து வைத்தார். கதவைத் திறக்கும் போதெல்லாம் எதிரே யாரோ வருகிறார்கள் என்று அவர் மனைவி பதறி, பிறகு அது தான்தான் என்று தெரிந்து, அந்தக் கோபத்தைப் புருஷன்மேல் காட்டினாள்.

அப்போது வந்தான் மச்சினன், மனைவியின் தம்பி. எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவன் உண்டு. எந்த வேலையிலும் ஒரு மாதம் தங்கியது கிடையாது. ஆனால் அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது.

"ஏலமேடையில போடுங்க மாமா," என்றான். "நீங்க பாட்டுக்கு உக்காந்திருங்க. உலகமே வந்து போட்டி போடும்."

ஏலமேடை என்பது ஒரு கம்பெனி. பழைய சாமானைப் படம் எடுத்துப் போட்டால், ஆட்கள் விலையை ஏற்றி ஏற்றிக் கேட்பார்கள் என்று அது எல்லாச் சுவரிலும் விளம்பரம் ஒட்டியிருந்தது. விற்கிறவனுக்கு என்ன மிஞ்சும் என்று மட்டும் எந்தச் சுவரிலும் இல்லை. டெய்லர் கண்ணாடியைத் துணியால் பளபளவென்று துடைத்து, அதற்கு நேரே நின்று, கைபேசியில் ஒரு படம் எடுத்தார். படம் தெளிவாக விழுந்தது.

பட்டியலில் ஏற்ற ஒரு கட்டணம். படத்துக்கு ஒரு கட்டணம். 'உறுதியான, நல்ல, பழைய கண்ணாடி' என்று அவர் விவரம் எழுதினார். 'நல்ல' என்பது உயர்தரச் சொல், மேற்கட்டணம் உண்டு என்றது திரை. டெய்லர் பயந்து 'நல்ல'வை எடுத்தார். 'உறுதியான' என்றால் உத்தரவாதம், அதற்குக் காப்பீடு கட்ட வேண்டும் என்றது. அதையும் எடுத்தார். கடைசியில் 'பழைய கண்ணாடி' என்று இரண்டே வார்த்தை மிஞ்சியது. அதற்குக் கட்டணம் இல்லை. அப்படி எழுதினால் வாங்க ஆளும் இருக்காது என்று மச்சினன் சிரித்தான்.

ஆனால் ஆள் இருந்தது. வேறொரு ஊரில் புதிதாக அழகு நிலையம் திறக்கிற ஒரு பெண் வாங்கிவிட்டாள். விலையைப் பார்த்து டெய்லருக்கு ஒரு நிமிடம் சந்தோஷம். அடுத்த நிமிடம் கம்பெனி தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் காட்டியது. தபால் செலவுக்கென்று வாங்கியவள் கொடுத்த தொகையிலும் பங்கு பிடித்திருந்தார்கள். அவர் உதவி எண்ணை அழுத்தினார். பேசியவர், தான் விற்பவர் மகிழ்ச்சி அலுவலர் என்றார்.

"தபால் செலவு நான் லாரிக்காரருக்குக் குடுக்கிறதுங்க," என்றார் டெய்லர். "அதுல உங்களுக்கு எப்படிங்க பங்கு?"

"நல்ல கேள்வி சார். சில பேர் பொருளுக்கு விலையைக் குறைச்சு வச்சிட்டு, தபால் செலவை ஏத்தி எங்களை ஏமாத்துறாங்க. அதனால தபால்லயும் கமிஷன் எடுக்கிறோம்."

"நான் ஏமாத்தலைங்களே."

"தெரியும் சார். உங்களை மாதிரி ஏமாத்தாதவங்க இருக்கிறதாலதான் எங்க கம்பெனியே ஓடுது. ஏமாத்துறவன் எங்க சார் கட்டணம் கட்டுறான்?"

அந்தக் குரலில் அத்தனை கனிவு இருந்தது. டெய்லர் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பார்சல் அலுவலகத்தில் கண்ணாடியை எடை போடவே இல்லை. "எடை பழைய காலம்," என்றார் அங்கிருந்த கணக்கர். "இப்ப இடம்தான். உங்க சாமான் எவ்வளவு காத்தை அடைச்சுக்குதோ அதுக்குக் காசு." கண்ணாடி மெலிசுதான், ஆனால் உடையாமல் இருக்கச் சுற்றிய பஞ்சு மெத்தை பருமன். காற்றுக்குக் காசு கட்டிவிட்டு வெளியே வந்தபோது, விற்றதில் மிஞ்சியது ஒரு டீ குடிக்கத்தான் ஆகும். போகட்டும், சனியன் ஒழிந்தது என்று வீட்டுக்கு வந்தார். ஒழியவில்லை.

அந்த வாரமே கம்பெனியிலிருந்து செய்தி வந்தது: 'பொருள் முழுமையாக வந்து சேரவில்லை. வாங்கியவர் குறை எழுப்பியுள்ளார்.' டெய்லர் அதை இரண்டு தரம் படித்தார். உடைந்துவிட்டதா? கண்ணாடிச் சட்டம் கழன்று விழுந்துவிட்டதா? மறுபடியும் மகிழ்ச்சி அலுவலரைக் கூப்பிட்டார்.

"கண்ணாடி பத்திரமா போய்ச் சேர்ந்துடுச்சு சார்," என்றார் அலுவலர். "ஆள்தான் வரலை."

"எந்த ஆளுங்க?"

"படத்துல இருக்கிற ஆள். நடுத்தர வயசு, கழுத்துல அளவு நாடா, சட்டையில ஒரு ஊசி குத்தியிருக்கு."

டெய்லர் குனிந்து சட்டையைப் பார்த்தார். ஊசி அங்கேயே இருந்தது.

"அது நான்தாங்க," என்றார். "படம் எடுக்கிறப்ப கண்ணாடியில தெரிஞ்சுட்டேன்."

"அதேதான் சார். படத்தில் உள்ளபடி போய்ச் சேரணும். எங்க முதல் விதியே அதுதான்."

"என்னை விக்கிறேன்னு நான் சொல்லலைங்களே."

"விக்கலைன்னும் சொல்லலையே சார். 'பழைய கண்ணாடி'ன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டீங்க. 'ஆள் சேராது'ன்னு சேர்த்துப் போட்டிருந்தா ஒரு தொந்தரவும் இல்ல. சொல்லுக்கு உண்டான கட்டணத்தை மிச்சம் பிடிச்சீங்க, இப்ப பாருங்க."

கேட்கும்போது நியாயம் போலத்தான் இருந்தது. அதுதான் டெய்லருக்கு இன்னும் பயமாக இருந்தது. "அனுப்பலைன்னா என்னங்க ஆகும்?" என்றார் மெதுவாக.

"சேரும்போது நீங்க எழுதிக் குடுத்த வங்கிக் கணக்கை நிறுத்தி வைப்போம். பயப்படாதீங்க, இது தண்டனை இல்ல. பணம் உங்க கையில இருந்தா நீங்க எதுக்காவது செலவு பண்ணிடுவீங்க. அப்புறம் எங்களுக்குக் கட்ட முடியாம சங்கடப்படுவீங்க. அந்தச் சங்கடம் உங்களுக்கு வரக் கூடாதுன்னு பாக்கிறோம்."

வீட்டு வாடகை, கடை வாடகை, மனைவி துணி தைத்துச் சேர்க்கிற கூலி, எல்லாம் அந்த ஒரே கணக்கில்தான். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி போனைப் பிடுங்கினாள். அவளுக்குப் பயம் என்பது அடுத்த வீட்டு விஷயம்.

"கண்ணாடியில தெரிஞ்சதெல்லாம் சாமானா? பின்னாடி சுவர் கூடத்தான் தெரியுது. அதையும் பேத்து அனுப்பட்டுமா?"

"சுவர் அசையாச் சொத்து மேடம். அதை எங்க தளத்துல விக்க முடியாது. சார் அசையறாரு."

"அவர் என் புருஷன்யா."

"உங்க உணர்வு எங்களுக்கு ரொம்ப முக்கியம் மேடம். அதைப் பதிவு பண்ணிக்கிட்டேன். பதிவுக் கட்டணத்தை அடுத்த பில்லுல சேத்துடறேன்."

மறுநாள் காலையில் வங்கி இயந்திரம் அவள் அட்டையைத் துப்பியது. மாலையில் மச்சினன் யோசனை சொன்னான்: பஸ்ஸில் போய் முகத்தைக் காட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம். அதையும் கம்பெனியிடம் கேட்டுப் பார்த்தார்கள். கண்காணிப்பு எண் இல்லாமல் ஒருவர் எங்கேயாவது போனால், போனார் என்பதற்கு என்ன சாட்சி என்று அலுவலர் கேட்டார். ஆக, டெய்லர் பார்சலில்தான் போயாக வேண்டும்.

பார்சல் கணக்கர் இவரை அடையாளம்கூடக் கண்டுகொள்ளவில்லை. "கையை உடம்போட ஒட்டி வைங்க," என்றார். "விரிச்சா பெரிய பெட்டிக் கணக்குல போயிடும்." நாடாவை மார்பைச் சுற்றிப் பிடித்தார். டெய்லர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார். காலமெல்லாம் மற்றவர்களை அளந்த மனிதர், தன்னை ஒருவர் அளக்கும்போது கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்.

"உள்ள திரவம் ஏதாவது இருக்கா?"

பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று தோன்றியது. "ரத்தம் இருக்குங்க," என்றார்.

"கசியுமா?"

"வெட்டினாத்தாங்க."

"அப்ப 'கவனம், உடையக்கூடியது' போட்டுக்கலாம்." சட்டை முதுகில் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டி, நன்றாக ஒட்டிக்கொள்ள இரண்டு தட்டுத் தட்டினார்.

மனைவி பையைத் திறந்து, அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருந்த காசை எண்ணாமலே மேசையில் வைத்தாள். "திரும்பி வர்றதுக்கும் சேத்து இப்பவே கட்டிடறேன்," என்றாள்.

"திரும்பி வர்றது வாங்கினவங்க விருப்பம்மா," என்றார் கணக்கர். "அதை நாம முன்னாடியே சொல்ல முடியாது."

அதுவரை வீராப்பாக நின்றவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. டெய்லர் அவளைத் தொட்டுத் தேற்றக் கையை நீட்டினார். "கையை நீட்டாதீங்க சார்," என்றார் கணக்கர்.

லாரியில் ஒரு குளிர்சாதனப் பெட்டிக்கும் குழந்தை சைக்கிளுக்கும் நடுவில் உட்கார்ந்து போனார். வழியெல்லாம் ஒரே யோசனை. ஒரு பொம்பளை காசு கொடுத்து முன்பின் தெரியாத ஆம்பளையை எதற்கு வாங்குவாள்? எங்கேயோ சிறுநீரகத்தை எடுத்து விற்கிறார்கள் என்று மச்சினன் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. இடுப்பின் இரண்டு பக்கத்தையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வண்டி ஒவ்வொரு தடவை நிற்கும்போதும், இறங்கி ஓடிவிடலாமா என்று நினைப்பார். ஓடினால் கணக்கு திறக்காது. வீட்டில் அரிசி டப்பாவிலும் இப்போது அரிசி மட்டும்தான்.

அழகு நிலையம் புதுச் சுண்ணாம்பு வாசனையோடு இருந்தது. கண்ணாடி ஒரு மூலையில் சாய்ந்து நின்றது. அழகு நிலையக்காரி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, டெய்லரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அட, வந்துட்டீங்களா அண்ணே. கழுத்துல டேப்போட படத்துல நின்னீங்களா, மாட்டிக் குடுக்கிறதுக்கு ஆளும் சேந்து வரும்னு நினைச்சுட்டேன். வரலைன்னதும் சும்மா ஒரு வரி எழுதிப் போட்டேன்."

"இதுக்குத்தானாம்மா?" என்றார். அங்கேயே ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உயிர் வந்தது என்பார்களே, அது அவருக்கு நிஜமாகவே அப்போதுதான் வந்தது. பிறகு எழுந்து, மட்டம் பார்த்து, ஆணி அடித்து, கண்ணாடியை அழகாக மாட்டிக் கொடுத்தார். அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, வரேம்மா என்று வாசலைத் தாண்டினார். அவள் கைபேசி அலறியது.

'உங்கள் உடைமை உங்கள் வளாகத்தை விட்டு வெளியேறுகிறது' என்றது செய்தி. அடுத்த நொடி மகிழ்ச்சி அலுவலரே பேசினார். அவள் விஷயத்தைச் சொல்லி, அண்ணனைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்றாள்.

"பயன்படுத்தினீங்களா மேடம்?"

"ஆணி அடிச்சாருங்க."

"அப்ப பயன்படுத்தின பொருள். திருப்பி எடுக்க மாட்டோம்."

"சரி, சும்மா போகச் சொல்லிடறேன். யாருக்கு நஷ்டம்?"

"சும்மா குடுத்தா அது இலவசம் மேடம்," என்றார் அலுவலர். அத்தனை நாளில் முதல் தடவையாக அவர் குரலில் கனிவு போய்விட்டது. "கொலையைக் கூடப் பேசித் தீத்துக்கலாம். இலவசத்தை எங்க கம்பெனி மன்னிக்காது. உங்க கணக்கும் எங்ககிட்டதானே இருக்கு?"

இப்போது அவளுக்கும் முகம் வெளுத்தது. கடை திறக்க வாங்கிய கடனும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. வேறு வழியில்லை, மறு ஏலம் ஒன்றுதான் என்றாகிவிட்டது. அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு வந்து தயங்கி நின்றாள்.

"உங்களைப் பத்தி என்ன அண்ணே எழுதட்டும்?"

"'பழைய ஆள்'னு போடுங்கம்மா. 'நல்ல'ன்னு போட்றாதீங்க, அதுக்குத் தனிக் காசு."

"இருக்கட்டும் அண்ணே," என்று சொல்லி, தன் கைக்காசைக் கட்டி 'நல்ல ஆள்' என்றே எழுதினாள். டெய்லர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏலம் நடந்த நாட்களில் அவர் அந்தக் கடைத் திரைச்சீலைகளுக்கெல்லாம் ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். கடைசி நாள் மத்தியானம்வரை ஒருவரும் கேட்கவில்லை. பிறகு யாரோ கேட்டார்கள். கேட்கிறவர் பெயரைக் கம்பெனி காட்டாது. பெயர் இருக்கிற இடத்தில் வெறும் நட்சத்திரங்கள் மின்னும். டெய்லர் யோசித்தார். எவனோ ஒருவனுக்குத் தன்னிடம் என்னவோ தேவைப்படுகிறது. எல்லோருக்கும் ஆணி அடிக்கிற வேலையா இருக்கும்? மச்சினன் சொல்லிக் கொடுத்திருந்தபடி ஏலமேடையில் வேறு பெயரில் ஒரு கணக்குத் திறந்து, தன்னைத் தானே கொஞ்சம் கூட்டிக் கேட்டார். நட்சத்திரக்காரன் அதற்கு மேல் கேட்டான். இவர் ஏற்றினார். அவன் ஏற்றினான். இனி வரப்போகிற சீருடைத் தையல் கூலியையெல்லாம் மனதுக்குள் கூட்டிப் பார்த்து மறுபடி ஏற்றினார். விரல் எடுப்பதற்குள் அவன் தாண்டிவிட்டான். அவ்வளவு கொடுத்து வாங்குகிறவன் அவ்வளவையும் திரும்ப எடுக்காமல் விடுவானா? அப்போது மனைவியிடமிருந்து போன் வந்தது.

"ஏங்க, எவனோ ஒரு படுபாவி விடாம ஏத்திக்கிட்டே போறான்," என்றாள். "நான் ஏத்த ஏத்த அவனும் ஏத்தறான். உங்களை வாங்கி என்னதான் பண்ணப் போறானோ."

டெய்லர் திரையைப் பார்த்தார். நட்சத்திரங்களைப் பார்த்தார்.

"அந்தப் படுபாவி நான்தான்," என்றார்.

"நீங்க எதுக்கு ஏத்தினீங்க?" என்றாள்.

"பயந்துட்டேன்."

"நானும்தான்," என்றாள். அவளுக்குப் பயம் உண்டு என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். தன்னை ஒருத்தி இத்தனை தூரம் விடாமல் கேட்டிருக்கிறாள் என்பதில் வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைக்கு ஆகப்போகிற செலவும் உடனே நினைவுக்கு வந்தது.

"பணத்துக்கு என்ன பண்ணினே?"

"என் தையல் மெஷினை ஏலமேடையில போட்டிருக்கேன். நல்ல விலைக்குக் கேக்குறாங்க."

"படம் எடுக்கிறப்ப பக்கத்துல யாரும் நிக்கலையே?"

"தம்பி மட்டும்தான், ஆடாம பிடிச்சுக்கிட்டு நின்னான்."

"ஐயோ," என்றார் டெய்லர்.

"சரி விடுங்க," என்றாள். "அவனும் நாலு ஊர் பாக்கட்டும்."

மேலே இருந்தது அவள் கேட்ட விலைதான். இருவரும் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மணி முடிந்தது. டெய்லர் அவளுக்கே விற்றுப் போனார். உடனே மகிழ்ச்சி அலுவலர் கூப்பிட்டார். கனிவு திரும்ப வந்திருந்தது.

"வாழ்த்துகள் சார். இந்த மாசம் பழைய பொருள் பிரிவுல அதிக விலைக்குப் போனது நீங்கதான். எங்க முதலாளியே கேட்டு அசந்துட்டாரு. நாற்காலி, மேசைன்னா ஒரு அளவுக்கு மேல யாரும் ஏத்த மாட்டாங்க, வேற வாங்கிப்பாங்க. பாசம் இருக்கிற பொருளுக்கு மேல் எல்லையே இல்லைன்னு உங்களாலதான் எங்களுக்குத் தெரிஞ்சுது. அடுத்த மாசத்துல இருந்து 'குடும்பம்'னு தனிப் பிரிவே தொடங்குறோம் சார். உங்க ஆசீர்வாதம் வேணும்."

டெய்லர் ஆசீர்வாதம் செய்தார். செய்யாவிட்டால் என்ன கட்டணமோ, யார் கண்டது?

வீட்டு வாசலில் லாரி நின்றபோது நல்ல வெயில். கூட வந்த பார்சல்காரர் கதவைத் தட்டி, திறந்த மனைவியிடம் கருவியை நீட்டினார். "நல்லா பாத்து வாங்கிக்கங்கம்மா. அப்புறம் இது இல்லைன்னு வந்தா மாத்தித் தர மாட்டாங்க."

அவள் புருஷனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். இளைத்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. "இவர்தான்," என்று கையெழுத்துப் போட்டாள். லாரி போனதும், அவர் முதுகில் இருந்த சிவப்புச் சீட்டைச் சட்டை கிழியாமல் உரித்தெடுத்தாள்.

"உள்ள வாங்க. சாப்பாடு ஆறுது."

டெய்லர் நகரவில்லை. "முதல்ல போன்ல 'பெற்றுக்கொண்டேன்'னு போட்டுடு."

"அது கிடக்குது. சாப்பிட்டுட்டுப் போட்டுக்கலாம்."

"இல்ல, இப்பவே போடு. அதுவரைக்கும் நான் வழியிலதான் இருக்கிறதா கணக்கு. ஏதாவது குறை தெரிஞ்சா அதையும் இப்பவே சொல்லிடு. அப்புறம் சொன்னா எடுத்துக்க மாட்டாங்க."

அவள் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"எதுக்குங்க இப்படி நடுங்கறீங்க? நான் என்ன கம்பெனியா?"

இல்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் கால் எழவில்லை. அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள், கைபேசியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள், மூக்குக்கண்ணாடி போடாமல் எழுத்துத் தெரியவில்லை என்று மறுபடியும் உள்ளே போனாள். அவள் வந்து அந்தப் பொத்தானை அழுத்தும்வரை, தன் சொந்த வீட்டு வாசலில் டெய்லர் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.